பவளம் அம்மாளின் சால் வற்றிய நாள்

உத்திரமேரூருக்குக் கிழக்கே, சாலையோரப் புளியமரத்தடியில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர் பவளம் அம்மாள். உழவர் குடும்பத்துப் பெண்மணி. குரல் பெரிது, பசி அதனினும் பெரிது. நடவு நாளில் மற்றவர்கள் கூழ் குடித்து எழுந்த பின்னும் அவர் கலயத்தை நீட்டுவார்; கேலி செய்பவர்களோடு சேர்ந்து தாமும் சிரிப்பார்.

அத்தகையவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மகள் கனகா குழந்தையாக இருந்தபோது வாந்திபேதியில் கிடந்து பிழைத்தாள். அன்று அவர், "திருக்கழுக்குன்றத்து மலைக்கு நடந்து போறவங்க என் சாலுத் தண்ணிய ஒரு சொட்டு விடாம குடிச்சப்புறந்தான் சோத்துல கை வெப்பேன்" என்று வாக்குக் கொடுத்தார். சால் என்பது இடுப்பளவு உயரமுள்ள மண்பானை. சித்திரை வெயிலில் நடப்பவர்கள் அதனை உச்சிப்பொழுதுக்குள் வற்றச் செய்துவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில்தான் சிக்கல் வந்தது. அக்கம்பக்கத்தில் வாந்திபேதி பரவியதால், சுகாதார இன்ஸ்பெக்டர் தாமோதரன் முந்தின மாலையே சைக்கிளில் வந்து, கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டார். காலையில் அந்த நீரே சாலில் நிரம்பியது. முதலில் வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"இன்னாம்மா இது, துணி வெளுக்குற வெள்ளாவிப் பானையிலேருந்து மொண்டாந்தியா?"

அவ்வழியே வந்த தாமோதரன் உதவி செய்வதாக எண்ணிக் கூவினார்: "பயப்படாதீங்க! மருந்து போட்ட தண்ணி, நல்லா குடிங்க!"

அவ்வட்டாரத்தில் மருந்து வைப்பது என்றால், சோற்றிலோ நீரிலோ எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்குவது என்று பொருள். ஒரு பெண் தன் கணவனின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினாள்.

"யோவ், குடிக்காதே! அப்புறம் இந்தம்மா வூட்டுலயே தங்கிடுவே!"

கூட்டம் கலைந்தது. தாமோதரன் திகைத்துப்போய்ச் சைக்கிளை மிதித்தார். வெயில் ஏறியது, சால் நிறைந்தே இருந்தது, பவளம் அம்மாளின் வயிறு முறையிடத் தொடங்கியது.

கொழுந்தனார் பஞ்சாட்சரம் மெல்ல வந்தார். "அண்ணி, இத்தக் கொட்டிட்டு ஏரித் தண்ணிய ஊத்திடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"கனகா கெடந்த கெடப்பு எனக்குத் தெரியும். இந்தத் தண்ணிதான்."

"அப்போ இன்னிக்குப் பட்டினிதான். ஊருக்கே ஒரு படி அரிசி மிச்சம்!"

பவளம் அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சாலிலிருந்து மொண்ட நீரை இரண்டு குடங்களுக்கிடையே, காப்பி ஆற்றுவதுபோல் உயரத் தூக்கி ஊற்றினார். நெடி பாதி குறைந்தது. பிறகு வீட்டிலிருந்த மோரையெல்லாம் வரவழைத்துக் குடத்து நீரில் கலந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கசக்கி, உப்பிட்டார். வெள்ளாவி நெடி இருந்த இடம் தெரியவில்லை. அடுத்த கூட்டம் வந்ததும், எல்லாரும் பார்க்க ஒரு சொம்பு நிறையக் குடித்தார்.

"மருந்து வெச்சவ தானே மொதல்ல குடிப்பாளா? வாங்க!"

சிரித்துக்கொண்டே கைகள் நீண்டன. பஞ்சாட்சரம் மட்டும் விடவில்லை.

"தண்ணி குடிக்கணும்னுதானே வேண்டிக்கினே? இது மோரு. சாமி ஒத்துக்குமா?"

"இதும் பேரு இன்னா?"

"நீர்மோரு."

"மொதல்ல இன்னா வருது?"

"நீரு."

"அவ்ளோதான். மோரு அப்பால வருது. நீ குடத்த எடு."

பொழுது சாயும் வேளையில் மோர் தீர்ந்தது. சாலின் அடியில் ஒரு குவளை வெறும் நீர் மிஞ்சியது. சாலையிலோ ஆளே இல்லை. பவளம் அம்மாளுக்குக் கண் இருண்டது. அப்போது தொலைவில் ஒருவர், காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். தாமோதரன்தான்.

"சார், நடந்துதானே வரீங்க? எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கந்தாம்மா. திருவிழாவுல டூட்டி கீது."

"அப்போ குடிங்க!"

தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தவரின் முகம் எட்டுக் கோணலாயிற்று. "கொஞ்சம் அதிகமாத்தான் போட்டுட்டேன் போலக் கீதும்மா."

பவளம் அம்மாள் அதனைக் கேட்க நிற்கவில்லை. சாலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"கனகா! எலையப் போடுடீ! சாருக்கும் ஒண்ணு!"