ஏரிப் பக்கம் திரும்பிய நாற்காலிகள்

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கியதும், மூடிய கடை வாசலில் நின்ற டீக்கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். "வாத்தியாரே, சேதி தெரியுமா? நம்ம கம்பவுண்டர் காலைல பூட்டாரு. ஊர்ல ஒரு கடை தொறக்கல." மாசிலாமணி இறந்ததைவிட, கடைகளை அடைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. எனக்கு அடைப்பார்களா என்று யோசித்தேன். இரங்கல் எழுத உட்கார்ந்தவன் இப்படியா தொடங்குவது என்று கேட்பீர்கள். அவரை அறிந்த உங்களிடம் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். எங்கள் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் நான் செயலாளர், அவர் வெறும் உறுப்பினர். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஆண்டுதோறும் விறகுக்கு ஏலம் விடுவார்கள். அந்த மரங்களில்தான் நாரைகளும் வக்காக்களும் கூடு கட்டும். ஏலத்தில் சங்கமே மரங்களை எடுத்து, வெட்டாமல் விட்டுவிட வேண்டும். அந்த நிதிக்காகத்தான் தை மாதத்தில் ஏரிக்கரை விழா நடத்தினோம்.

முதல் விழாவுக்கு மூன்று மாதம் நாயாய் அலைந்தேன். அழைப்பிதழ், பந்தல், மைக் செட், மணிமங்கலத்திலிருந்து நாகசுரம், எல்லாம் என் ஏற்பாடு. அன்று சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வரவே இல்லை. கூட்டம் கலையப் பார்த்தது. மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் எய்ந்திரிங்க. நாற்காலிய ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கினு குந்துங்க. நம்ம விருந்தாளிங்க அங்கேந்துதான் வராங்க" என்றார். சற்று நேரத்தில் பறவைகள் கூடு திரும்பின. வானம் முழுக்க இறக்கை. பிள்ளைப்பாக்கத்து அரிசி ஆலைக்காரர் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டார். அந்த ஆண்டு ஒரு மரம்கூடப் போகவில்லை. மறுநாளே ஊரில் அது 'கம்பவுண்டர் விழா' ஆகிவிட்டது. அவர் செய்தது நாற்காலியைத் திருப்பியது மட்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த இரண்டு விழாக்களும் அப்படியே. நான் பந்தல் போடுவேன், அவர் நாற்காலியைத் திருப்புவார், கைதட்டல் அவருக்கு.

நான்காவது விழாவில் கடைசிப் பேச்சு என்னுடையது. ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் முடித்தால் நாற்காலிகள் திரும்பும் என்று தெரியும். முடிக்கவில்லை. பழம்பாடல்களில் வரும் பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினேன். அன்று நான் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. கேட்டவர்களின் முதுகுக்குப் பின்னால் நிஜப் பறவைகள் வந்து மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. மேடையில் நின்ற எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. நான் உட்கார்ந்தபோது இருட்டிவிட்டது.

உண்டியல் நிரம்பவில்லை. ஏலத்தில் பாதி மரங்களைத்தான் எடுக்க முடிந்தது. மீதி மரங்களில் குஞ்சுகள் பறக்கப் பழகுமுன்பே கோடாரி விழுந்தது. மாசிலாமணி முழங்கால் சேற்றில் இறங்கி, விழுந்த குஞ்சுகளைக் கூடையில் பொறுக்கி வந்து மாட்டாஸ்பத்திரியில் வைத்து மீன் ஊட்டினார். பிழைத்தவை சிலதான். நான் பார்க்கப் போனபோது அவர் தலை நிமிரவில்லை. "உன் பேச்சு ஜோரா இருந்துச்சி வாத்தியாரே. வாயப் பொளந்து கேட்டுக்கினே இருந்துட்டேன். நேரம் போனதே தெரியல. நாற்காலிய திருப்பாத வுட்டது என் தப்பு" என்றார்.

என் பேச்சை அவர் புகழ்ந்ததில் ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கூச்சம். வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் விழாக் கூட்டத்தில் அவரே தொடங்குவார். "அந்த வருசம் நான் மறந்தா மாதிரி இந்த வாட்டி மறந்துடக் கூடாது." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். அப்படி நம்பிக்கொண்டே போய்விட்டார்.

விழா அவர் பெயரில் இருக்கட்டும். காப்பாற்றிய மரங்களும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், எரிச்சலோடுதான் சொல்கிறேன். அந்தத் தப்பை மட்டும் அவர் பெயரில் விடமாட்டேன். அது என்னுடையது.