றுக்கியாவின் எஞ்சின்

உம்மா றுக்கியாவை அடக்கம் செய்த பதினோராம் நாள் நீதிமன்றக் கட்டளை வந்தது. எஞ்சின் அவருடையதுதானாம். மகள் நஸ்ஹா நின்றபடியே வாசித்து, தாளைக் கசங்காமல் மடித்தாள். கசக்கத்தான் கை வந்தது.

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு துணிப்பையோடு கரைத்தீவுக்கு வந்தவர் றுக்கியா. விதவையானபின் ஒன்பது வருடம் கருவாடு காயவைத்து ஒரு படகு எஞ்சின் வாங்கினார். பற்றுச்சீட்டும் அவர் பெயரில்தான். தம்பி ஹுனைஸின் படகில் அதைப் பூட்டிக் கொடுத்தார். கரையில் அவன் தன்னுடையது என்றே சொல்லித் திரிந்தான். "சொல்லட்டும் மகள், ஆம்புள தலகுனியக் கூடாது" என்பார் உம்மா. செய்த பிழை அந்த ஒன்றுதான்.

ஹுனைஸ் ஒரு முதலாளியிடம் கடன்பட்டு வழக்கில் தோற்றான். கடனுக்குச் சொத்தைக் கைப்பற்றும் நீதிமன்றப் பிஸ்கால் ஆட்கள் கரைக்கு வந்து எஞ்சினைக் கழற்றினார்கள். றுக்கியா பற்றுச்சீட்டோடு ஓடினார். "கோட்டில சொல்லுங்கம்மா" என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உரிமை கோரி மனுப் போட்டார். அந்த விசாரணையில் கேள்வி ஒன்றே: கைப்பற்றிய நேரம் ஹுனைஸ் அந்த எஞ்சினைத் தனக்காக வைத்திருந்தானா, அக்காவுக்காகவா? அவன் வந்து ஒரு வசனம் சொன்னால் அன்றே முடிந்திருக்கும்.

"பொம்புளட எஞ்சின்ல தொழில் செஞ்சேன்டு கோட்டில சொல்லவா? கரையில முகத்த எங்க வெக்கிற ராத்தா?" என்று அக்காவிடமே கேட்டான்.

அவன் வரவேயில்லை.

முதலாளியின் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே கேட்டார்: "பெண்ணுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"கழுவத் தெரியும் ஐயா. அசர் தொழுகைக்குப் பொறகு தம்பி தூக்கிட்டு வருவான். பவுசர் லொறியில வாற நல்ல தண்ணிய பீப்பாயில நெரப்பி, எஞ்சின அதில எறக்கி, பத்து நிமிசம் ஓட விடுவேன். வாற தண்ணிய நாக்கில வெச்சுப் பாப்பேன். உப்புக் கரிச்சா இன்னொரு பீப்பா. ராவைக்கு எஞ்சின் எண்ட அறையிலதான். ஐயாட வாகனத்த ஐயா நக்கிப் பாத்திருக்கீங்களா?"

மண்டபமே சிரித்தது. பக்கத்து வீட்டு மர்ஷூதா, றுக்கியா குடிக்க வைத்த தண்ணீரையும் அந்த எஞ்சினுக்கே ஊற்றினார் என்று சாட்சி சொன்னாள்.

விசாரணை தவணைக்கு மேல் தவணையாகப் பதினான்கு மாதம் இழுத்தது. எஞ்சின் நீதிமன்ற முற்றத்தில், கழுவாமல், உள்ளே கடல் உப்போடு கிடந்தது. நஸ்ஹா காற்றாலையில் பராமரிப்புப் பொறியியலாளர்; உப்பு அலுமினியத்தை என்ன செய்யும் என்று அவளுக்கு மனப்பாடம். கழுவ அனுமதி கேட்டு எழுதினாள். கைப்பற்றிய பொருளைத் தொட முடியாது என்று பதில் வந்தது. உம்மா ஒவ்வொரு தவணைக்கும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனார். "கொஞ்சம் ஊத்திட்டு வாறன் மகன்" என்று காவலாளியிடம் கெஞ்சினார். போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பும்.

கடைசித் தவணை முடிந்து, கட்டளைக்குக் காத்திருந்த வாரம் உம்மாவுக்கு மாரடைப்பு.

எஞ்சினை எடுக்க நஸ்ஹா லொறியோடு போனபோது ஹுனைஸ் நீதிமன்ற வாசலில் நின்றான். அவள் எஞ்சினை இயக்கும் கயிற்றை இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். உள்ளே இறுகிவிட்டிருந்தது.

"நீ இஞ்சினியர்தானே மகள், திருத்தித் தரேலாதா? கடலுக்குப் போவணும்."

"யாருட எஞ்சின் மாமா?"

அவன் காவலாளியைப் பார்த்தான். லொறிக்காரனைப் பார்த்தான். "எங்கடதான்" என்றான்.

நஸ்ஹா எஞ்சினைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். எஞ்சினை லொறியில் ஏற்றி, அவனை ஏற்றாமல் பின்பலகையை அடித்துச் சாத்தினாள். வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் லொறியை நேரே கரைக்கு விடச் சொன்னாள். படகுகள் இழுத்துப் போட்டிருந்த இடத்தில் எஞ்சினை இறக்கிவைத்து, கட்டளையைப் பிரித்து, உரத்து வாசித்தாள்: எஞ்சின் இலக்கம், கைப்பற்றிய திகதி, உரிமையாளர் பெயர்.

வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இது ஹுனைஸ்ட எஞ்சின்தானே புள்ள?" என்றார் ஒருவர்.

நஸ்ஹா முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.