சக்ரபாணி எழுதிய இரண்டு சான்றிதழ்கள்

சக்ரபாணியின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கினவர் தெலுங்கு நாட்டு மல்காஜ்கிரியில் யாரும் கிடையாது. கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷர். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் ரிக்‌ஷா பிடிக்க ஓடுகிறவர் அவர்தான். பாராட்டு என்று வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மனைவி பகவதி இருபத்தாறு வருஷமாகச் சமைத்துப் போடுகிறாள். அவியல் வைத்தாலும் சரி, அல்வா கிண்டினாலும் சரி, "சுமார்" என்பார். மகள் பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, மார்க் ஷீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வை" என்றார். அந்தப் பெண் உள்ளே போய் ஏன் அழுகிறாள் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. இப்படியும் ஒரு ஜென்மம்!

பம்பும் வால்வும் செய்கிற ஒரு மத்திய அரசுக் கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் ஆபீசர். பெரிய தகரக் கொட்டகை, அதற்குள் வரிசை வரிசையாக இரும்பு அலமாரி, எண்ணாயிரத்துச் சொச்சம் சாமான். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதி வைத்த அட்டைகள் ஒரு காலத்தில் இருந்தன. அறுபத்துமூன்றாம் வருஷத்து மழையில் கொட்டகை ஒழுகி, அட்டையெல்லாம் கூழாகிவிட்டது. புது அட்டை அச்சடிக்க அனுமதி கேட்டு சக்ரபாணி மேலிடத்துக்கு எழுதினார். எழுபத்துநாலு பிறந்தும் பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் மட்டும் வருஷத்துக்கு இரண்டு போய்க்கொண்டிருந்தது.

அட்டை இல்லாமல் எண்ணாயிரம் சாமானை எப்படித் தேடுவது? அங்கேதான் வேணுகோபால் வருகிறான்.

வேணுகோபால் லாலாகுடாக்காரன், ஸ்டோர் கீப்பர். தாத்தா காலத்திலிருந்து ரயில்வே பட்டறைக் குடும்பம். அவன் பேசுகிற தமிழில் பாதிதான் தமிழ், மீதி தெலுங்கும் தக்கினி உருதுவும். வீட்டில் ஒரு பழைய ஆர்மோனியம் உண்டு. பாட்டு எழுதுவதும் அவனே, மெட்டுப் போடுவதும் அவனே. அட்டை போனால் போகட்டும் என்று எண்ணாயிரம் சாமானையும் பாட்டாகக் கட்டிவிட்டான். நட்டும் போல்ட்டும் மோகனம். பேரிங் எல்லாம் கல்யாணி. ஆயில் சீல் ஆனந்தபைரவி. கழித்துக்கட்ட வேண்டிய உடைசல் எல்லாம் முகாரி. மெஷின் ஷாப்பிலிருந்து ஆள் சீட்டுக் கொண்டுவந்து நீட்டினால், ஹெல்பர் யாதகிரி அதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பான்:

மூணாம் வரிசை முட்டிக்கு மேலே
முக்கால் இஞ்சு போல்ட்டம்மா
மேல்தட்டு நக்கோ, கீழ்த்தட்டு நக்கோ
நடுத்தட்டில் கை விடு போதுமம்மா

நக்கோ என்றால் தக்கினியில் வேண்டாம். பாட்டு முடிவதற்குள் போல்ட்டு கவுண்டருக்கு வந்துவிடும். ஒரு சாமானை இடம் மாற்றினால் அன்று சாயங்காலமே வேணு சரணத்தை மாற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவான். ஏதோ ஒப்பேற்றுகிற பாட்டு என்று எண்ண வேண்டாம். கேஸ்கெட் வாங்க வந்த ஃபோர்மன்கள் கேஸ்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டும் போகாமல் அடுத்த சரணத்துக்காக நிற்பார்கள். தமிழே தெரியாத தெலுங்குக்காரர்களும் உருதுக்காரர்களும் கல்யாணியில் பேரிங் தேடினார்கள். சக்ரபாணி மட்டும் மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாடாதே என்றும் சொன்னதில்லை, பலே என்றும் சொன்னதில்லை. வருஷா வருஷம் வேணுவைப் பற்றி ரகசிய அறிக்கை எழுத வேண்டும். பதினோரு வருஷமும் ஒரே வார்த்தைதான் எழுதினார்: திருப்திகரம்.

அந்த வருஷம் ஜனவரியில் மெட்ராஸில் ஒரு சங்கீத நிலையம், பாட்டும் எழுதி மெட்டும் போடுகிறவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி என்று பேப்பரில் விளம்பரம் போட்டது. மொத்தம் பன்னிரண்டு இடம். வேணுவின் மனைவி சாந்தாதான் அதைக் கத்தரித்துக் கையில் கொடுத்து, "வயசு முப்பத்தெட்டாச்சு. இனி எப்பப் போவீங்க?" என்று விரட்டினாள். விண்ணப்பத்தில் ஒரு பக்கம் மேலதிகாரியின் சிபாரிசுக்கு. அதை எழுதி, ஒட்டி, நேராக நிலையத்துக்கே அனுப்ப வேண்டும்.

"சார், நாலு வார்த்தை நல்லா எழுதினீங்கன்னா போதும்" என்று வேணு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பார்க்கலாம்" என்றார் சக்ரபாணி.

ஒரு வாரம் பார்த்தார். 'திருப்திகரம்' என்று எழுதினார், கிழித்தார். 'மிகவும் திருப்திகரம்' என்று எழுதினார், அது பொய்க் கையெழுத்துப் போட்டதுபோல உறுத்தியது, அதையும் கிழித்தார். பகவதிக்குப் பொறுக்கவில்லை.

"நன்னா எழுதறான், நன்னா மெட்டுப் போடறான்னு ரெண்டு வரி எழுதிட்டு வாங்கோளேன். எதுக்கு இந்த அவஸ்தை?"

"நன்னாப் போடறான்னா, அதுக்கு என்னடி ஆதாரம்?"

"கஷ்டம்!" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆபீசில் மேஜை இழுப்பறையைத் துழாவியபோது அவர் கையில் ஒரு ஃபாரம் தட்டுப்பட்டது. கம்பெனியில் எதை வாங்கினாலும் மூன்று கடைக்காரர்களிடம் விலை கேட்க வேண்டும். ஒருவரிடம்தான் கிடைக்கும் என்கிற சாமானுக்கு மட்டும் அது வேண்டாம், ஸ்டோர்ஸ் ஆபீசர் ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும். அந்தச் சான்றிதழை அவர் இருநூறு தடவையாவது எழுதியிருப்பார், ஒன்றும் பொய்யில்லை. முகம் மலர்ந்துவிட்டது. பேனாவைத் திறந்து விறுவிறு என்று நிரப்பினார். சாமானின் பெயர்: வேணுகோபால். உபயோகம்: பாட்டு, மெட்டு. கீழே அச்சிலேயே இருந்தது: 'இப்பொருளுக்கு நிகரான வேறு பொருள் இல்லை. மாற்றாக எதையும் ஏற்க இயலாது.' கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு நகலை வழக்கம்போல், ஆட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசுக்கும் அனுப்பிவைத்தார். நகல் அனுப்பாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பதினைந்தே நாளில் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. 'இருநூற்றுப் பன்னிரண்டு சிபாரிசுகள் வந்தன. இருநூற்றுப் பதினொன்றில் விண்ணப்பதாரர் மேதை என்று கண்டிருந்தது. தங்கள் சிபாரிசு ஒன்றுதான் நம்பும்படி இருந்தது. உடனே அனுப்பவும்.'

ஸ்டோர்ஸில் அன்று யாதகிரி எல்லோருக்கும் இரானி டீ வாங்கிக் கொடுத்தான். சந்தோஷம் மூன்று நாள்தான். ஆறு மாத லீவு கேட்டு வேணு போட்ட மனு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. சக்ரபாணி பர்சனல் மானேஜர் அனந்தராமனிடம் ஓடினார்.

"ஓய், எழுதிக் கொடுத்ததே நீர்தானே?" அனந்தராமன் நகலை எடுத்து மேஜைமேல் போட்டார். "மாற்றே கிடையாதுன்னு முத்திரை குத்திக் கொடுத்திருக்கீர். மாற்று இல்லாத ஆளை எப்படி வெளியில விடறது? நாளைக்குக் கம்பெனி நின்னா என் தலைதானே உருளும்?"

"அது... மெட்ராஸ்ல அவாளுக்காக எழுதினது."

"யாருக்காக எழுதினாலும் ஃபைல்ல ஏறிடுத்து. இனிமே அந்த ஆள் ரிட்டயர் ஆகறவரைக்கும் லீவு கிடையாது."

சக்ரபாணிக்கு முழி பிதுங்கியது. கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிய பிறகு அனந்தராமன் ஒரு வழி சொன்னார். தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. உபரி ஆட்களை ஏதாவது ஒரு பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், சம்பளத்தோடு லீவு. எந்தப் பயிற்சி என்று அவர்கள் சொல்லவில்லை. கம்பெனியிலோ ஓர் உபரி ஆள்கூட அகப்படவில்லை, கணக்குக் காட்ட ஒருவராவது வேண்டும். "ஆனா ஒண்ணு ஓய். உபரி ஆளைப் பதினோரு வருஷம் பக்கத்துல வெச்சிண்டு திருப்திகரம்னு எழுதின ஆபீசருக்கு ஏப்ரல்ல பிரமோஷன் வராது. பார்த்துக்கும்."

சக்ரபாணி தம் இடத்துக்குப் போய் அரைமணி உட்கார்ந்திருந்தார். அந்தப் பிரமோஷனுக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவர். பிறகு அசையாச் சரக்கைக் கழிப்பதற்கான ஃபாரத்தை எடுத்தார். பெயர்: வேணுகோபால். 'பதினோரு வருஷமாக அசைவற்றுக் கிடக்கிறது. பழுது பார்த்தும் பயனில்லை. இடத்தை அடைக்கிறது. உபரியாகக் கருதி அப்புறப்படுத்தலாம்.' ஒருவன் நிகரற்றவன் என்று எழுதினால் கம்பெனி பத்துக் கேள்வி கேட்கிறது. உதவாக்கரை என்று எழுதிய காகிதம் மூன்று மேஜை தாண்டி, மூன்று கையெழுத்து வாங்கி, சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் திரும்பி வந்துவிட்டது! அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை சாயங்கால மெட்ராஸ் வண்டியில் வேணு கிளம்பலாம்.

வேணுவிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லத்தான் நினைத்தார். 'உன்னை அனுப்புவதற்காகத்தான் இப்படி எழுதினேன்' என்று ஆரம்பித்தால், ஏன் அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வாய்தான் இவருக்கு இல்லையே. பர்சனல் ஆபீஸ் சிப்பந்தி வேணுவைக் கூப்பிட்டு, காகிதத்தைப் படிக்கச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை மதியம் யாதகிரி மூச்சிரைக்க வந்து நின்றான். வேணு பெட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டானாம். மெட்ராஸ் போகிறதில்லை என்கிறானாம். சக்ரபாணி சைக்கிளை எடுத்துக்கொண்டு மே மாதத்து வெயில் மார்ச்சிலேயே அடிக்கிற அந்த ரோட்டில் லாலாகுடாவுக்கு மிதித்தார்.

சாந்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பாருங்க சார். நக்கோ நக்கோன்னு ஒரே பிடிவாதம். ஏன், கைக்குன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாரு. நீங்களாச்சும் கேளுங்க."

வேணு உள்ளே ஆர்மோனியப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். மரியாதையில் குறைவில்லை.

"சார், மெட்ராஸுக்கு நீங்க என்ன எழுதினீங்களோ, நான் பாக்கலை. ஒட்டி அனுப்பிட்டீங்க. பாத்தது இது ஒண்ணுதான். அசையாத சரக்கு, இடத்த அடைக்குது."

"அது உன்னை அனுப்பறதுக்காக எழுதினதுப்பா. ரூல் அப்படி."

"ஹவ் சார், ஆமாமா, சமாதானத்துக்குச் சொல்றீங்க. பதினோரு வருஷத்துல ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்லை நீங்க. பொய்யும் எழுதினதில்லை. அது ஃபேக்டரிக்கே தெரியும். ஸ்டோர்ஸுக்கே ஆகாதவன் மெட்ராஸ்ல போய் என்ன கிழிக்கப் போறேன்?" ஆர்மோனியப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தான். "அப்படி என்ன சார் தப்பு பண்ணிட்டேன் நான்?"

சக்ரபாணி வாயைத் திறந்தார். "உன் பாட்டு..." என்றார். மறுபடி, "அதாவது, உன் பாட்டு..." என்றார். 'சுமார்' என்கிற சனியன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். வேணு தலையைக் குனிந்துகொண்டான். வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மனுஷருக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்:

ஐம்பத்தெட்டில் வந்தவளே
அழைக்க ஒருத்தர் வரலையே
தினமும் துடைச்சு வைக்கிறேன்
துருப்பிடிக்க விடலையே

குரலா அது! எண்ணெய் காணாத கீல். எதிர்வீட்டு அம்மாள், "ஏமயிந்தம்மா, எவரு போயாரு?" என்று, யாரோ செத்துவிட்டதாக நினைத்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஜன்னலில் நாலு தலை முளைத்தது. சக்ரபாணி நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் யாரோ தப்பாக ஆர்டர் கொடுத்து, பதினோராம் வரிசைக் கோடியில் இன்றுவரை யாரும் கேட்காமல் கிடக்கிற ஒரு பெரிய பம்பு ஷாஃப்ட்டைப் பற்றிய பாட்டு அது. மூன்று சரணம். இரண்டாவது சரணத்தில் வேணு காதைப் பொத்திக்கொண்டான். மூன்றாவதில் தாங்க முடியாமல் கையை உயர்த்தினான்.

"சார், சார்! அங்க கீழே இறங்கணும், மேலே போறீங்களே."

"இறங்கறேன், இரு" என்று சக்ரபாணி இறங்கி, முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

வேணுவின் முகம் வெளுத்திருந்தது. "சார், இத நான் யாருக்கும் சொல்லித் தரலை. யாதகிரிக்குக்கூடத் தெரியாது. எல்லாரும் சாப்பிடப் போன அப்புறம், அந்த ஷாஃப்ட்டத் துடைக்கறப்ப, தனியா பாடறது இது."

"என்ன தனியா? தட்டிக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேனே."

"நீங்க சாப்பிடப் போயிருப்பீங்கன்னு..."

"பதினோரு வருஷமா மத்தியானம் நான் சாப்பிடப் போனதே இல்லைடா, மடையா!" என்று கத்தினார் சக்ரபாணி. கத்திய வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

சாந்தா, வேணு அவிழ்த்துப் போட்ட துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.