நாற்பது பெண்களும் ஒரு வாசலும்

சென்ற சனிக்கிழமை பட்டப்பகலில், அடையாற்றங்கரைச் சவுக்குத் தோப்பு ஒன்றில், நான் மணலில் குப்புற விழுந்தேன். மூக்குக் கண்ணாடி உடைந்தது. அங்கவஸ்திரம் இரண்டாகக் கிழிந்தது. என் மேல் நாலைந்து பள்ளிக்கூடப் பெண்கள் விழுந்து எழுந்து ஓடினார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெண் விசாலம் மயிலாப்பூரில் படிக்கிறாள். வயது பன்னிரண்டு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒரு கேம்ப். மூன்று நாள் தோப்பில் தங்கி, செடி கொடி பார்ப்பது, சமைப்பது, முதலுதவி படிப்பது... பையன்கள் இப்படிப் போவது பழைய கதை. பெண்கள் வீட்டை விட்டு இரண்டு ராத்திரி வெளியே தங்குவதா? மயிலாப்பூரே ஆடிப்போய்விட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம்மாள் மூன்று வருஷம் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்கித்தான் அனுமதி வாங்கினார்.

அந்தக் கேம்ப்புக் கமிட்டியில் நானும் உண்டு. கொட்டகை எப்படிப் போடுவது என்று கூட்டம் நடந்தது. "பெண் குழந்தைகள் தூங்குகிற இடம். நாலு பக்கமும் கீற்று வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரே வாசல். அந்த வாசலில் ஒரு வாத்தியாரம்மாள்" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தப் புத்திசாலி யார் தெரியுமா? நான்தான்.

சனிக்கிழமை பெண்களோடு நானும் தோப்புக்குப் போனேன். கொட்டகை அழகாக இருந்தது. புதுக் கீற்று வாசனை, கீழே பரப்பிய ஆற்று மணல், ஒரு ஓரமாக அடுக்கிய பாய்கள். கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல் சமையல் கொட்டகை. உள்ளே மூங்கிலில் வரிசையாக ஆறு லாந்தர்கள்.

ஞானம்மாள் முகத்தில் அப்படி ஒரு பெருமை! பெண்கள் பாய்க்கு இடம் பிடிக்கச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது குடத்தோடு ஒரு அம்மாள் வந்தாள். முகத்துவாரத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். பெயர் ஆரோக்கியம். கேம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தார்கள். குடத்தை இறக்கி வைத்தவள் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"இன்னா சாமி இது? ஒரு வாசல்தான் கீது?"

"ஆமாம். பத்திரத்துக்காக" என்றேன்.

"யாரும் உள்ள வரக் கூடாதுன்னு அடச்சிட்டீங்க, செரி. இதுங்க எப்டி வெளிய வரும்?"

அவளே சொன்னாள்.

"போன கோடையில எங்க குப்பம் எரிஞ்சிது சாமி. என் நாத்தனாரும் அவ ரெண்டு புள்ளைங்களும் வாசலாண்டயே கெடந்தாங்க. நெருப்பு அவங்கள தொடவே இல்ல. பொகைதான். வாசல் சின்னது, உள்ள ஆளுங்க நெறைய. அவ்ளோதான்." சமையல் கொட்டகைப் பக்கம் கையை நீட்டினாள். "அடுப்ப வேற கெய்க்கால வெச்சிக்கினு கீறீங்க. சாயங்காலம் கடக்காத்து அடிச்சா பொறி எந்தப் பக்கம் பறக்கும்?"

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானம்மாள் என் பக்கத்தில்தான் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "சார், இது வெளியில் தெரிந்தால் கேம்ப்பை நிறுத்திவிடுவார்கள்."

"பயப்படாதீர்கள் அம்மா. நாற்பது பேர் ஒரு வாசலில் வெளியே வர எத்தனை நேரம் ஆகும்? இப்போதே பார்த்துவிடலாம். நானே உள்ளே நிற்கிறேன்" என்றேன். அவள் சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும் — அதுதான் என் எண்ணம். எல்லாம் நாம் போட்ட வாசல் ஆயிற்றே!

பெண்கள் எல்லாரும் கொட்டகைக்குள் போனார்கள். நான் கடைசியில், பின் சுவரோரம். வெளியே ஞானம்மாள் விசில் ஊதி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

முதல் பத்துப் பேர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அப்புறம் யாரோ இடறினாள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். வாசலுக்கு ஒரு மூங்கில் படல் கட்டியிருந்தது, உள் பக்கமாகத் திறக்கிற மாதிரி. நெருக்கலில் அது மூடிக்கொண்டது. சிரிப்பு நின்றது. ஒருத்தி அலறினாள். அவ்வளவுதான், எல்லாரும் அலறினார்கள்.

நெருப்பு இல்லை, புகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் என்ன செய்தேன்? முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னே போனேன். யாரை இடித்தேன் என்று தெரியாது. இடித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். "அப்பா! அப்பா!"

விசாலம். கீழே கிடந்தாள். ஒரு கை மட்டும் தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பேர். அந்தக் கையை என்னால் எட்ட முடியவில்லை.

திடீரென்று பக்கத்துச் சுவர் கிழிந்தது. வெளிச்சம் வந்தது. அடுத்த குடத் தண்ணீரோடு திரும்பி வந்த ஆரோக்கியம் இரண்டு கையாலும் கீற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தாண்ட வாங்கம்மா! இந்தாண்ட!" அந்த ஓட்டை வழியாகப் பெண்களோடு பெண்ணாக நானும் உருண்டு வெளியே விழுந்தேன். விசாலத்தை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் தேய்ந்திருந்தது, கை கன்றியிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஞானம்மாள் நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டிருந்தார்.

பெண்கள் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு ஞானம்மாள் சொன்னார்: "இதைப் பார்த்த பிறகு கேம்ப்பை நடத்த மனசு வரவில்லை. நிறுத்தவும் மனசு வரவில்லை. இன்றைக்குத் திரும்பிப் போனால் அப்புறம் யார் பெண்களை அனுப்புவார்கள்?"

பதில் சொன்னவள் விசாலம். முழங்காலுக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாசல் பத்தலேன்னா இன்னும் நாலு வெச்சாப் போறது டீச்சர். அதுக்கு எதுக்கு ஆத்துக்குத் திரும்பணும்?"

கொட்டகை போட்ட மேஸ்திரி முனுசாமி தோப்பில்தான் இருந்தார். கூப்பிட்டுக் கேட்டோம்.

"வாசலா? அதுக்கு இன்னா சாமி, நாலு கீத்த அவுத்தா வாசல். கல்யாணப் பந்தல நாலு பக்கமும் தொறந்துதான போடறோம்? நீங்கதான அடைக்கச் சொன்னீங்க!"

உண்மை. நான்தான் சொன்னேன். யார் உள்ளே வந்துவிடுவார்களோ என்று கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசினோம். அவர்கள் வெளியே வர வேண்டியிருக்குமே என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பெண்கள் விஷயத்தில் நம் யோசனையெல்லாம் எப்போதும் அந்த ஒரு பக்கம்தானே ஓடுகிறது?

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. இரண்டு நீளச் சுவர்களிலும் பக்கத்துக்கு இரண்டாக நாலு புது வாசல். மறைவுக்குப் பாய்த் திரை, தள்ளினால் விலகிக்கொள்ளும். படலைக் கழற்றி ஆற்றோரம் எறிந்தார்கள். சமையல் கொட்டகை மேற்கே நூறு அடி தள்ளிப் போயிற்று. லாந்தர்கள் வெளியே கம்பங்களில். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். ஞானம்மாள் நோட்டுப் புஸ்தகத்தோடு ஆரோக்கியத்தின் பின்னாலேயே நடந்து, அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

மறுபடி விசில். இந்தத் தடவை எல்லாரும் பாயில் படுத்திருந்தார்கள். இருபது எண்ணுவதற்குள் கொட்டகை காலி!

பெண்கள் குதித்தார்கள். ஆரோக்கியம் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு தபா படுங்க. கண்ண மூடிக்கினு."

கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, வாசலைத் தடவி வெளியே வந்தார்கள். அப்புறம்தான் அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் பார்க்க வந்தார்கள். ஞானம்மாள் ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். ஒரு வாசல் யோசனை என்னுடையது என்று நானும் எழுந்து சொன்னேன். கமிட்டியில் ஒரு ரிடையர்டு ஜட்ஜ் இருக்கிறார். அவர் உடனே தீர்ப்பு வழங்கினார்: "பெண்களுக்கு இதெல்லாம் ஆபத்து. மூட்டை கட்டுங்கள்."

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். என் சம்சாரம்! பத்துப் பேர் நடுவில் அவள் பேசி நான் கேட்டதே கிடையாது.

"எங்காத்துச் சமையலுள்ளுக்கும் ஒரே வாசல்தான். உள்ளே நெருப்பும் இருக்கு, நானும் இருக்கேன். இருபது வருஷமா. ஆபத்துன்னு யாரும் என்னை நிறுத்தலையே மாமா! இங்கே அஞ்சு வாசல் இருக்கு. கொழந்தைகள் இருந்துட்டு வரட்டும்."

ஜட்ஜ் மாமா மூக்குப்பொடி டப்பாவைத் தேட ஆரம்பித்தார். ஒரு மூட்டைகூடக் கட்டவில்லை.

திங்கட்கிழமை நாற்பது பேரும் வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, முழுசாக வீடு திரும்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத செய்தியை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை... ஆகையால் இங்கே போடுகிறேன்.

ஞானம்மாளின் நோட்டிலிருந்த விஷயங்கள் இப்போது ஒரு முழுத் தாளில் ஏறி, பள்ளிக்கூட ஆபீஸ் சுவரில் தொங்குகின்றன. கமிட்டி கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அந்தத் தாளில் உள்ளபடி கொட்டகை இல்லாமல் கேம்ப் இல்லை. நேற்று மாம்பலத்திலிருந்து ஒரு சாரணர் மாஸ்டர் வந்து அதைக் காப்பி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கேம்ப்புக் கொட்டகையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் ஆரோக்கியத்தின் பெயரும் இருக்கிறது. அவளிடம் சொன்னபோது, "நம்ம பேரா? எழுதியே வெச்சிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இந்த வாரம் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேஜையெல்லாம் ஒரே செங்கல் தூசி — கொத்தனார் எங்கள் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்.