மாமா சொல்லிவைத்த வேலை

முப்பது வயதில் விமானி ஆகப் போகிறேன் என்று நான் சொன்னபோது, தூத்துக்குடியில் ஒருத்தர்கூட "ஏன்?" என்று கேட்கவில்லை. "அங்கன ஒனக்கு ஆளு யாரு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். அம்மா கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி ஆபீஸில் மேனேஜர் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரும் கேட்டார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் என் பங்கு கொஞ்சம் கூடுதல். "பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி வேலை வாங்குவேன். ஆளு எதுக்கு?" என்பேன். கேட்டவர்கள் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரிப்பார்கள்.

என் தாய்மாமா மட்டும் சிரிக்க மாட்டார், நிஜமாகவே கவலைப்படுவார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, அரிசி, சோப்பு என்று சாமான் சப்ளை செய்கிறவர் அவர். கப்பல் கரையைத் தொடுவதற்கு முன்பே கேப்டன் எந்த நாட்டுக்காரர், போன தடவை யாரிடம் வாங்கினார், சமையல்காரர் என்ன குடிப்பார் என்பதெல்லாம் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். நல்ல வெங்காயம் எல்லோரிடமும்தான் இருக்கிறது. கப்பலில் யாருடைய முகம் தெரியுமோ அவரிடம்தான் வாங்குவார்கள். நாற்பது வருடம் அப்படிப் பிழைத்தவரிடம் போய் நான் திறமை, தகுதி என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, மார்க்குக்கு வாயி கெடையாது. மனுசந்தான் பேசணும்" என்பார்.

"நானே பேசிக்கிடுதேன் மாமா."

"நீ பேசுனா சண்டையில்லா வரும்!"

வேலையை விட்டேன். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, என்னைவிடப் பத்து வயது சின்னதுகளோடு உட்கார்ந்து படித்து, லைசென்ஸ் வாங்கினேன். முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியபோது அழுதேன். சந்தோஷத்தில்தான். வேறு எதற்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் லைசென்ஸ் இருந்தால் வேலை கிடைத்துவிடுமா? ஆள் எடுப்பதையே காணோம். எடுத்தாலும் நமக்குத் தகவல் வருவதற்குள் முடிந்துபோகும். ஊருக்குத் திரும்பி, விட்ட அதே ஆபீஸில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். "பைலட்டம்மா, அந்தக் கப்பல் பேப்பர் ரெடியா?" என்று கூப்பிட்டார்கள். முதலில் சிரித்தேன், பிறகு முறைத்தேன், கடைசியில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். பறக்காத விமானிக்குக் கை மறந்துபோகும். வயதும் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் அந்த நாற்காலிதான் கதி என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் என்னோடு பயிற்சியில் இருந்த தோழி ஒருத்தி போன் செய்தாள். ஒரு விமான நிறுவனம் ஆள் எடுக்கிறது, உடனே விண்ணப்பி என்றாள். விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்கும், மறுநாள் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டவும் டெல்லிக்கு வரச் சொன்னார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அம்மா சரி சரி என்றாள். அன்று சாயங்காலமே மாமாவுக்குத் தெரியும்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், மூத்த கேப்டன். என் காகிதங்களைப் புரட்டியவர் ஊர்ப் பெயரில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உங்க மாமா கப்பலுக்குச் சாமான் கொடுக்கிறவரா?" என்று தமிழில் கேட்டார். அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததும் எனக்கு உயிர் வந்தது. நம் கடற்கரைக்காரர்!

"ஆமா சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தப் பெண்ணுக்காக இவருடைய மாமா என்னிடம் பேசினார். நான் இங்கே இருப்பது சரியில்லை, நீங்கள் இரண்டு பேரும் பாருங்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மிச்சமிருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கூட்டத்தில் பிடிபட்ட பிக்பாக்கெட்டை அப்படித்தான் பார்ப்பார்கள். நீதான் பேசச் சொன்னாயா என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை சார். எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அப்படிப் பேசக்கூடிய ஆள் இல்லை என்று சொன்னால் அது பொய்" என்றேன்.

"இங்கே ஆள் எடுப்பதாவது எப்படித் தெரிந்தது?"

"தோழி சொன்னாள்."

"அப்படியென்றால் அதுவும் தெரிந்தவர் மூலம்தானே?"

"ஆமாம் சார். ஆனால் அவளும் இதே வேலைக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறாள்."

அதற்குப் பிறகு கேட்டார்கள் பாருங்கள் கேள்வி! வானிலை, எடைக் கணக்கு, இறக்கை, எரிபொருள், அவசரகால நடைமுறை என்று பிழிந்து காயப்போட்டார்கள். கோபத்தில் எனக்குப் படித்ததெல்லாம் ஞாபகம் வரும். அன்று ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "மாமா யார்ட்ட போய்ப் பேசுனாரு?"

அம்மா மென்று விழுங்கினாள். மாதா கோயில் திருவிழாவுக்கு அந்தக் கேப்டன் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருக்கிறார். மாமா கூட்டத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்து, என் மருமகளுக்கு நீங்கதான் பார்த்துச் செய்யணும் என்றிருக்கிறார். எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் டப்பாவை நீட்டியிருக்கிறார். "அவரு வாங்க மாட்டேன்னுட்டாராம்ளா. ஒன் மாமா அவரு டிரைவர் கைல குடுத்துட்டு வந்துட்டான்."

மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லாமல் போனை வைத்தேன். என் பக்கம் பேசியிருக்கக்கூடிய ஒரே மனுஷரையும் அறையை விட்டு விரட்டியாகிவிட்டது!

மறுநாள் சிமுலேட்டரில் ஏறியதும் நான் மாமாவை மறந்தேன். அதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. கையில் ஓட்டும் பிடி வந்ததும் வேறு எதற்கும் மண்டையில் இடம் கிடையாது. மேலே கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. காலால் அழுத்திப் பிடித்து நேராக்கினேன், அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்தேன், சுற்றி வந்து இறக்கினேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேலை கிடைத்த மெயில் வந்தது. தோழிக்கும் கிடைத்தது. நான் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் மாமா ஊருக்கே மாலை போடாத குறையாக நிற்கிறார். "நாந்தான் சொல்லி வச்சேன். நம்ம ஆளுல்லா அங்கன இருக்காரு!" வந்தவர் போனவரெல்லாம் அவருக்குத்தான் கை கொடுத்தார்கள். எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தேன். என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாமா, மீனைப் பிய்த்துக்கொண்டே, "கேப்டனுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லிரு மருமவளே" என்றார்.

"எதுக்கு நன்றி? எந்திரிச்சுப் போனதுக்கா?" என்று கத்திவிட்டேன். அன்று அந்த அறையில் நடந்தது மொத்தத்தையும் கொட்டினேன். நீங்க பேசினதால எனக்கு வேலை கிடைக்கல மாமா, நீங்க பேசினதையும் மீறித்தான் கிடைச்சிருக்கு என்றேன்.

மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"எந்திரிச்சுப் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"மத்த ரெண்டு பேருக்கும் ஒன்னத் தெரியுமா?"

"தெரியாது."

"நம்ம குடும்பத்த?"

"ஒண்ணும் தெரியாது."

"தெரியாமலா குடுத்தானுவ?"

மாமா கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், வெளியே போய்விட்டார். "திங்கிற சோத்துல இருந்து எழுப்பிட்டியேளா, பாவி!" என்று அம்மா என்னைத் திட்டினாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போது தெருவில் மாமாவின் குரல் கேட்டது. எதிர்த்த கயிற்றுக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் சொன்னது பொய்யி. நான் பேசி ஒண்ணும் நடக்கல. தெரிஞ்ச மனுசன் எந்திரிச்சுப் போனப்புறம் அவளே தனியா நின்னு வாங்கிருக்கா!"

அங்கிருந்து டீக்கடைக்குப் போனார். டீக்கடையிலிருந்து கோயில் பக்கம் போனார். நாற்பது வருடமாகச் சேர்த்த தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும், தெரிந்தவர் யாரும் உதவவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ஏளா, நம்ப மாட்டேங்கானுவ."

"என்ன சொல்லுதாங்க?"

"'ஒமக்குப் பெரிய மனசு வே, செஞ்சதச் சொல்லிக் காட்ட மாட்டேங்கீரு'ங்கான் ஒருத்தன். மாதா மேல ஆணையா இல்லங்கேன், சிரிக்கான். எல்லாப் பயலும் சிரிக்கான்." நிலைப்படியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா ஒனக்கு இப்படித்தான் இருந்துச்சாளா?"

என்னிடம் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஒக்காருங்க மாமா" என்றேன். "சோறு போடுதேன்."