ஒடுக்கத்துப் புதனும் என் வலது காலும்

இராஜபாளையத்தில் சோழபுரம் போகிற ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி செட் ஒன்று இருக்கிறது. அது நான் போட்டது. அதற்குப் பின்னால் துணியை வெளுத்துக் காயப்போடுகிற களம், அதுவும் நான் போட்டது. அந்த இடம் முன்பு சீமைக்கருவேலங்காடு. பாம்பு பிடிக்கிறவனே உள்ளே கால் வைக்க யோசிப்பான். கரண்டு கிடைக்காது என்றார்கள், வாங்கினேன். தறி ஓட்ட ஆள் வராது என்றார்கள், வந்தார்கள். லோன் கேட்டுப் போன இடத்தில் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். போட்டுக் காட்டினேன், அந்தக் கையெழுத்து இன்றைக்கு பம்பாய் வரைக்கும் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டையே விலைக்கு வாங்கி, இடித்து, மாடி கட்டினேன். அஞ்சாம் கிளாஸ் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் முடிந்துபோன ஆள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

இதில் எதிலும் எனக்குப் பங்கில்லை என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றில்தான் என் பேரை விட்டுவிட்டார்கள். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. எங்கள் குடும்பம் வருஷாவருஷம் கூடுகிற இடம். அங்கே நாங்கள் கூடுவதற்குக் காரணம் யார் என்பதில்தான் வழக்கு.

இஸ்லாமிய வருஷத்தின் சபர் மாதத்துக் கடைசிப் புதனை நாங்கள் ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்று காலையில் பள்ளிவாசல் லெப்பை குங்குமப்பூ மையால் மாவிலையில் ஓதி எழுதிக் கொடுப்பார். அதைத் தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வருஷத்துப் பீடையெல்லாம் போகட்டும் என்று ஊருக்கு வெளியே பச்சைப் புல் மிதிக்கக் கிளம்புவோம். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. கரைத்த தண்ணீரில் மிச்சத்தை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு போய், மலையில் ஓடை விழுந்து தேங்கிக் கிடக்கும் கசத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகுதான் குளியல், கும்மாளம், நெய்ச்சோறு எல்லாம். செம்பைத் தூக்குவது வீட்டுப் பையன்களில் ஒருவன். வழியில் அதைக் கீழே வைக்கக் கூடாது. தூக்கியவனுக்குக் கசத்தில் முதல் குதி. அதற்குப் பிறகு அவனைச் சின்னப்பயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருஷம் செம்பு எனக்கு வந்தது. அதுவரை தூக்கியவன் என் பெரியத்தா மகன், எனக்கு அண்ணன் முறை. "உனக்குக் கை நடுங்கும்லே, பாதி வழியில சிந்திருவ" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். சிந்தாமல் கசம் வரைக்கும் போவதைத் தவிர அன்று எனக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை.

பெரியத்தா என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மூத்தவர். அத்தா மதுரையில் ஒரு கடையில் வேலையாக இருந்ததால் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பெரிய ஆள். சவுளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் பக்கத்து ஊர்களில் நடந்தே விற்பார். மூட்டை சவுளிக்கடை முதலாளியுடையது, கால் இவருடையது. சைக்கிள் வாங்கின சின்ன வயசுக்காரன் ஒருவன் அதே ஊர்களைத் தனக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். "ராவுத்தர் நடக்கிற வரைக்கும் அவருதான்" என்று சொல்லி முதலாளி அவனை அனுப்பிவிட்டாராம். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். நானும் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொன்னேன்.

அந்த வருஷம் ஒடுக்கத்துப் புதன் சாரல் காலத்தில் வந்தது. முதலாளி குடும்பமும் எங்களோடு கிளம்பியது. வண்டி போகிற மட்டும் வண்டியில் போய்விட்டு, பிறகு எல்லாரும் இறங்கி நடந்தோம். மலை மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. நான் செம்போடு முன்னால். எனக்குப் பின்னால் பெரியத்தா, என் தோளில் கை வைத்தபடி. நான் சிந்திவிடுவேனோ என்ற பயத்தில் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். போகப் போகக் கை கனத்தது. ஒரு மனுஷன் கைக்கு எம்புட்டுக் கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மாந்தோப்புப் பக்கம் வந்ததும் கை என் தோளை விட்டுப் போனது. திரும்பினால், பெரியத்தா ஒரு வேரில் உட்கார்ந்திருந்தார். சாரல் காற்றில் எங்களுக்கெல்லாம் குளிர, அவர் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே முதலாளி வந்துவிட்டார்.

"என்ன ராவுத்தரே, பாதி வழியில உக்காந்துட்டீரு?"

பெரியத்தா சட்டென்று என் வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பயலுக்கு முள்ளு முதலாளி. கருவேல முள்ளு, ஆழமா இறங்கிட்டு."

"எனக்கு முள்ளே…" என்று வாயெடுத்தேன். கணுக்காலில் ஒரு நெரி நெரித்தார் பாருங்கள், மிச்ச வார்த்தை அலறலாய்த்தான் வந்தது. நான் போட்ட சத்தம் முள்ளுக்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

அண்ணன் துள்ளிக்கொண்டு வந்தான். "செம்பை எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்கத்தா. நொண்டிப்பய எதுக்குச் செம்பு தூக்குதான்?"

"செம்பு கை மாறக் கூடாதுலே. வழக்கம் தெரியாதா உனக்கு?"

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் அந்த நிமிஷம் வரை கிடையாது.

முதலாளி இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "சரி, நாங்க மேல போறோம். முள்ளை எடுத்துட்டுப் பொறவு வாரும். திங்கக்கிழமை சுந்தரபாண்டியம் மறந்துராதீரும்."

"மறப்பனா? விடியுமுன்ன கெளம்பிருவேன்ல."

அவர்கள் ஏறிப் போனார்கள், அண்ணனும் கூடவே ஓடினான். எனக்கு அழுகை முட்டியது. கால் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காகவே எழுந்து நாலு குதி குதிக்கப் போனேன். பெரியத்தா என் டவுசரைப் பிடித்து இழுத்து, காதுக்குப் பக்கத்தில் சொன்னார்:

"ஏலே, செத்த நேரம் நொண்டு."

"எதுக்கு?"

"கேக்காத. நான் சொல்லுத வரைக்கும் நொண்டு."

அவர் உதடு வெளுத்திருந்தது. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா வந்தாள். என் காலை அவள் பார்க்கவே இல்லை, பெரியத்தா முகத்தையே பார்த்தாள். செம்பை என் கையிலிருந்து வாங்கிப் பெரியத்தா வாயில் சாய்த்தாள். பிறகு மிச்சத்தை என்னிடம் கொடுத்து, மாமரத்தடியில் ஓடுகிற வாய்க்காலில் ஊற்றச் சொன்னாள். மற்ற பெண்களைப் பார்த்து, "இங்கயே அடுப்பைக் கூட்டுங்க. பிள்ளைக்குக் கால் வீங்கிட்டு" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் அம்மாவே சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

தோப்புக்காரர் பெரியத்தாவிடம் வேட்டி வாங்குகிறவர். தோப்பில் இருந்துகொள்ளச் சொல்லி, ஒரு கூடை மாம்பழத்தையும் கொடுத்தனுப்பினார். பெண்கள் ஊஞ்சல் கட்டினார்கள். மழையில் முளைத்த புல் முழங்கால் அளவு நின்றது. பிள்ளைகள் வாய்க்காலில் துண்டு விரித்து மீன் பிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் நான் நொண்டினேன். சாப்பிடப் போகும்போது நொண்டினேன், மீன் பார்க்கப் போகும்போது நொண்டினேன். சாயங்காலம் ஞாபகப்பிசகில் கால் மாறிவிட்டது, இடது காலால் நொண்டினேன். மரத்தில் சாய்ந்திருந்த பெரியத்தா தன் வலது முட்டியைத் தட்டிக் காண்பித்தார். மாற்றிக்கொண்டேன். மேலிருந்து இறங்கிவந்த முதலாளி, "பாவம், இன்னும் நொண்டுதானே" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கசத்தில் முதல் குதி தன்னுடையது என்று அண்ணன் ஈரத்தலையோடு வந்து சொன்னான். அன்றைக்கு நான் நொண்டின நொண்டலுக்கு அது ஒன்றுதான் கூலி.

பெரியத்தா நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். நானும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன், பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை விடியுமுன் அவர் மூட்டையோடு கிளம்பியபோது வாசலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்லே" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அந்த ஊர்களுக்கு அவர்தான் நடந்தார். அவர் மகள் கல்யாணமும் அந்த நடையில்தான் நடந்தது.

மறுவருஷம் செம்பு வேறொரு பயல் கைக்குப் போனது. ஆனால் கசத்துக்கு யாரும் போகவில்லை. செம்புத் தண்ணீர் ஒருமுறை விழுந்த இடத்தை மாற்றக் கூடாது என்று பெரியத்தா இன்னொரு வழக்கத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். பிற்காலத்தில் காட்டிலாகாக்காரர்கள் மேலே போகிற வழியை அடைத்தார்கள். கசத்தை நம்பியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புல் மிதிக்கப் போவதை விட்டுவிட்டன. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று பேசுகிறவர்களும் உண்டு. அதை மார்க்கம் படித்த ஆலிம்கள் பேசி முடிக்கட்டும். எங்கள் வீட்டில் மட்டும் இன்றுவரை வேன் பிடித்துப் போகிறோம். தோப்புக்காரர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எங்கள் நெய்ச்சோற்றுக்குக் காத்திருக்கிறார்கள். வேறு எங்கேயும் வராத சிரிப்பு எனக்கு அந்த வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்காரும்போது வருகிறது.

அங்கேதான் அண்ணன் வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசுவான். "எங்க அத்தா அந்தக் காலத்துலயே யோசிச்சுப் புடிச்ச இடம்ல இது!" உடனே என் பேரன் பேத்திகள், "தாதா முள்ளு குத்தி அழுத இடம்" என்று சேர்த்துக்கொள்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இந்த வருஷம் வேனிலிருந்து இறங்கித் தோப்புக்கு நடந்தேன். கொஞ்ச தூரம்தான். பாதியில் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. பின்னால் மகன் வருகிறான், மருமகள் வருகிறாள், தறி செட் மேஸ்திரி குடும்பமும் வருகிறது. செருப்பு வாரைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. குனிந்தபடியே மூச்சு வாங்கும்போதுதான், என் தோளில் இருந்த அந்தக் கையின் கனம் எதனால் என்று விளங்கியது. "நடக்கிற வரைக்கும்" என்று முதலாளி சொன்னதற்கு, நடை நின்றால் அந்த ஊர்கள் சைக்கிள்காரனுக்கு என்று அர்த்தம் இருந்ததும் விளங்கியது. அம்மா என் காலை விட்டுவிட்டுப் பெரியத்தா முகத்தை ஏன் பார்த்தாள் என்பதும் விளங்கியது.

ஆகவே என் பேரன் பேத்திகளுக்கும் அண்ணனுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன். முள் குத்தவில்லை. நான் அழவில்லை. பெரியத்தா இடம் பிடித்தார், சரி. அந்த இடத்தில் அவர் தளர்ச்சியை யாரும் பார்க்காதபடி அவரை உட்காரவைத்தது என் வலது கால். எதற்கென்று கடுகளவும் தெரியாமல், கசத்தில் குதிக்க வேண்டிய பயல், அவர் போதும் என்கிற வரைக்கும் நொண்டினேன். தெரிந்து நொண்டுவதை எவனும் செய்வான். இனி அந்தத் தோப்பில் கதை சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் நான் கேட்கும்படி, சத்தமாகச் சொல்ல வேண்டும்.