மைனாவின் பின்பாதி

முன்பாதி எழுந்தது, பின்பாதி எழவில்லை. நான் கண்ட முதல் அறிகுறி அதுதான்.

தெலுங்கு பேசும் நகரம் ஒன்றில், காஞ்சன்பாக் பகுதியில், ஓர் அரசுத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தெருநாய் படுத்திருக்கும். காவலாளிகள் அவளுக்கு மைனா என்று பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் நான் கிளம்பினால் அவளும் எழுந்து, எங்கள் குடியிருப்பின் கேட் வரை பின்னாலேயே வருவாள். கேட் வந்ததும் திரும்பிப் போய்விடுவாள். நான் அவளுக்கு ஒரு பிஸ்கட்கூடப் போட்டதில்லை. எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போகிற சுபாவம் எனக்கு.

அன்று மாலை மைனா வழக்கம்போல் எழப் பார்த்தாள். முன்னங்கால்கள் ஊன்றி நின்றன. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஈரத்துணி போலக் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டே என் பின்னால் வரத் தொடங்கினாள். மதியம் ஒரு கார் பின்பக்கமாக வந்து இடித்துவிட்டதாகக் காவலாளி சொன்னார். நான் நடந்தால் அவளும் வருவாள் என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். போன் செய்ததும் வீட்டு அலமாரியின் தட்டுப் பலகை ஒன்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆனால் சரியான யோசனை. முதுகில் அடிபட்ட நாயைத் துணியில் தொங்கவிட்டோ கையில் மடக்கியோ தூக்கக் கூடாது; பலகையில் நேராகக் கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மார்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் முதுகெலும்பு உடைந்திருந்தது. டாக்டர் தெலுங்குப் பெண்மணி, சென்னையில் படித்தவர். தமிழ் நன்றாகவே பேசினார். ஃபோர்செப்ஸால் (பற்றிப் பிடிக்கும் இடுக்கி) மைனாவின் பின்கால் விரலை அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. உணர்ச்சி இருக்கிறது, இல்லையா என்று கேட்டேன்.

"கால் இழுத்துக்கிச்சு. மைனா இழுக்கல. அவ முகத்தைப் பாருங்க," என்றார்.

மறுபடியும் அழுத்தினார். கால் மடங்கியது. மைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த உஸ்மானியா பிஸ்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீப் பெயின் (எலும்புவரை இறங்கும் வலியை மூளை உணர்வது) இல்லை என்று இதற்குப் பொருள். அது இல்லாவிட்டால், மூளை சொல்லி அந்தக் கால்கள் நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றார் டாக்டர்.

என் தொழிலில் இது புதிதல்ல. சோதனையில் தேறாத பொருள் மேல் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு தீற்றல், பிறகு தனித் தட்டு. அதற்கு அப்பால் பேச்சே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் நான் பழகியிருக்கிறேன்.

டாக்டர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, ஊசி போட்டு வலியில்லாமல் தூங்க வைத்துவிடுவது. மற்றது, அசையாமல் படுக்க வைத்து எலும்பு சேரும்வரை பார்த்துக்கொள்வது. சிறுநீரைத் தினமும் கையால் அழுத்தி எடுக்க வேண்டும். அது அநேகமாக ஆயுள் முழுக்கத் தொடரும். விலங்குகளைக் காப்பாற்றும் தன்னார்வலர்கள் சிலர், வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் சிகிச்சையையும் பிறகு தத்துக் கொடுப்பதையும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு குடியிருப்பைக் காலி செய்து கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, கைக்குழந்தை, இரண்டே அறைகள். மைனாவை அங்கே கொண்டுபோக வழியே இல்லை. நாங்கள் கிளம்புவதற்குள் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் டாக்டர் சொன்ன முதல் வழிதான். இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தும் ஏன் தலையாட்டினேன் என்றால், அவள் அந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அடுத்தது எங்கே என்று பார்த்தாள். சிவப்புப் பெயிண்ட் அடிக்கக் கை வரவில்லை.

முதல் சில வாரங்கள் படுக்கைதான். சாப்பாட்டு அறையின் மூலையில் நாலு பக்கமும் அட்டை வைத்துத் தடுத்தோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்தி தோல் அழுகுவது) வந்துவிடும். அதெல்லாம் சுலபம். கஷ்டம் சிறுநீர்தான்.

அடிவயிற்றில், பின்தொடைகளுக்குச் சற்று முன்னால், இரண்டு கைகளையும் இருபுறமும் வைத்துத் தேட வேண்டும். குடல் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு நடுவே உருண்டையாக ஒன்று நிற்கும், சிறிய சாத்துக்குடி அளவில்; அதுதான் சிறுநீர்ப்பை. அதை மெதுவாக, விட்டுவிடாமல் அழுத்த வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடலாம். முழுதாக எடுக்காவிட்டால் மீதி தங்கி கிருமி சேரும். நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

எனக்குச் சிக்கவே இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தினமும் மைனாவை அதே பலகையில் கிடத்தி டாக்டரிடம் கொண்டுபோய், அவர் கையின் மேல் என் கையை வைத்துப் பழகினேன். ஒரு நாள் வீட்டில் விரல்களுக்கு நடுவே அந்த உருண்டை வந்து நின்றது. அழுத்தியதும் கிண்ணத்தில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நானும் என் கணவரும் கைதட்டினோம். கையே வைக்க மாட்டேன் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மனிதர், பிறகு என்னைவிடத் தேர்ந்தவராகிவிட்டார். "ஆச்சு அம்மிணி, சுத்தமா ஆச்சு," என்று பால்கனியிலிருந்து அறிவிப்பார். எதிர்வீடு வரை கேட்கும்.

காலை, மதியம், மாலை, படுக்கும் முன். எங்கள் நாள் நான்காகப் பிரிந்தது. கடிகாரம் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டோம். அவள் வயிற்றில் கை வைத்தால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கைக்குத் தெரிந்தது.

எலும்பு சேர்ந்ததும் பயிற்சி ஆரம்பம். பின்கால்களை சைக்கிள் மிதிப்பது போல் சுழற்றுவது, வயிற்றுக்கடியில் துண்டு போட்டுத் தூக்கி நிற்க வைப்பது, பாதத்தைத் தரையில் வைத்து அழுத்துவது. ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் டாக்டர் விரலை அழுத்திப் பார்ப்பார். கால் மடங்கும், முகம் திரும்பாது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இல்லை. அடுத்த முறையும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் துண்டால் தாங்கிப் பிடித்தபடி அவளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாலுக்கு அடியில் துடைத்தேன். இடது பின்கால் முன்னால் போய்த் தரையில் ஊன்றியது. பிறகு வலது. பிறகு இடது. நான் துடைப்பதை நிறுத்திய பிறகும் இரண்டு அடி வைத்தது.

"ஏனுங்க, இங்க வாங்க. ஓடி வராதீங்க, மெதுவா வாங்க," என்றேன். ஏன் மெதுவாக வரச் சொன்னேன் என்று தெரியவில்லை. சத்தம் போட்டால் அது போய்விடும் என்று பயந்தேன் போலிருக்கிறது. அவர் வந்து வாசலில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப் போனோம். விரலை அழுத்தினார். முகம் திரும்பவில்லை. நான் சோர்ந்து போனேன். டாக்டரோ சிரித்துக்கொண்டிருந்தார். தண்டுவடத்துக்குள் (முதுகெலும்பின் உள்ளே ஓடும் நரம்புக் கயிறு), அடிபட்ட இடத்துக்குக் கீழே, நடையின் தாளம் ஏற்கெனவே இருக்கிறதாம். மூளையிலிருந்து செய்தி வராவிட்டாலும், விடாமல் பயிற்சி கொடுத்தால், சில நாய்களில் அந்தக் கீழ்ப்பகுதி மட்டும் தானே நடக்கக் கற்றுக்கொள்ளுமாம்.

"கால் நடக்குது. ஆனா நடக்கறது அவளுக்குத் தெரியாது. வலி திரும்ப வராமலே போகலாம். பரவாயில்ல, நடக்கட்டும்," என்றார்.

இதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? சோதனையில் தேறவில்லை, ஆனால் வேலை செய்கிறது. என் அனுபவத்தில் அப்படி ஒரு தட்டே கிடையாது. வீடு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவளுடைய இடுப்பில் கை வைத்தபடி வந்தேன். என் கைக்கு அடியில் ஏதோ ஒன்று, யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. கோயிலில் நிற்கும்போதுகூட எனக்கு அவ்வளவு பணிவு வந்ததில்லை.

சில மாதங்களில் துண்டில்லாமலே நடந்தாள். வடிவான நடை என்று சொல்ல முடியாது. திருப்பத்தில் முன்பாதி இடதுபுறம் போகும், பின்பாதி நேரே போய்ச் சுவரில் முட்டும். காக்கையைப் பார்த்துக் குரைக்க நின்றால் முன்கால்கள் நிற்கும், பின்கால்கள் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே இருக்கும். "மைனா சல்ரீ கியா மேடம்?" என்று கேட்டுக் காவலாளி வாயைப் பிளந்தார். ஆமாம், நடக்கிறாள் என்றேன்.

என் கணவர் அவள் நடப்பதைப் படம் எடுத்துத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பகிர்ந்ததும் அழைப்புகள் வந்தன. முதலில் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். மெத்தை, சங்கிலி எல்லாம் வாங்கிக்கொண்டே வந்திருந்தார்கள். மைனா நடந்து வந்து அந்த வீட்டு அம்மாளின் மடியில் தலையை வைத்தாள். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது.

அப்போதுதான் நான் மைனாவின் பின்கால் விரலை அழுத்திக் காட்டினேன். அவள் முகத்தைப் பாருங்கள் என்றேன். சூடான தரையில் கால் வெந்தாலும் தெரியாது, தேய்ந்து ரத்தம் வந்தாலும் தெரியாது, சிறுநீரை நாம்தான் எடுக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எப்போது முழுசாகக் குணமாகும் என்று அவர்கள் கேட்டார்கள். இதுதான் குணம் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். மெத்தையை மட்டும் விட்டுப் போனார்கள்.

என் கணவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணோட கொறையவா அம்மிணி மொதல்ல காட்டுவாங்க? உங்க ஆபீஸ் பழக்கத்தை ஆபீஸ்லயே வெச்சுட்டு வரக்கூடாதா?"

"ஏனுங்க, ஒரு வாரம் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து உட்டா அப்ப நாம இங்க இருப்பமா? அவ எங்கீங்க போவா?" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் விரலை அழுத்திக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வீட்டில் பெட்டிகள் கட்டத் தொடங்கியிருந்தோம். மைனா பெட்டிகளுக்கு நடுவே முட்டி முட்டி நடந்துகொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது டாக்டர் சொன்ன முதல் வழிதான். நானே அவளுக்கு எமனாகிவிடுவேனோ என்று பயந்தேன்.

கடைசியில் பட்டான்செருவிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்தார்கள், ஸ்வரூபாவும் அனிதாவும். வேறு வேறு மருந்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. நான் விரலை அழுத்திக் காட்டினேன். நான்கு வேளை சிறுநீர் எடுப்பதைச் சொன்னேன். முகம் மாறப்போகிறது என்று காத்திருந்தேன். அக்கா ஸ்வரூபா தங்கையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் தெலுங்கில் சொன்னாள்: "மா இன்ட்லோ எப்புடூ எவரோ ஒகரு மேலுகுனே உன்டாரு."

எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒருத்தர் விழித்துத்தான் இருப்போம் என்றாள். ஒருத்தி வேலைக்குப் போகும்போது மற்றவள் வீட்டில் இருப்பாள், அவர்கள் ஷிஃப்ட் அப்படி. இருவரும் சேர்ந்து சாப்பிடவே முடியவில்லை என்று அவர்களுக்குக் குறையாக இருந்த விஷயம், மைனாவுக்கு அப்படியே பொருந்தியது. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததெல்லாம் மெத்தை உள்ள வீட்டைத்தான். விழித்திருக்கும் வீட்டைத் தேட எங்களுக்குத் தோன்றவில்லை.

விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஆட்டோ மாறி மாறி வந்து கற்றுக்கொண்டார்கள். அனிதாவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஸ்வரூபாவுக்கு வரவில்லை. அவள் கையின் மேல் என் கையை வைத்தேன். சாத்துக்குடி, சாத்துக்குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள் விரல்கள் சட்டென்று நின்றன. என் கையை எடுத்துவிட்டேன். கிண்ணத்தில் சத்தம் கேட்டது. என் கணவர் கைதட்டினார்.

கொண்டுபோகிற அன்று ஆட்டோ குடியிருப்பு கேட்டுக்கு வெளியே நின்றது. மைனாவைத் தூக்க வேண்டாம் என்றேன். நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள், அந்தப் பழைய மாலைகளில் வந்தது போலவே. கேட் வந்ததும் அவள் நின்று என்னைப் பார்த்தாள். இந்த முறை திரும்ப வேண்டியவள் நான். அக்காவும் தங்கையும் அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். முன்பாதி உட்கார்ந்துவிட்டது. பின்பாதி இன்னும் கொஞ்சம் நடந்தது. ஸ்வரூபா அதன் மேல் கை வைத்ததும் அடங்கியது.

இப்போது கோயம்புத்தூரில் மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். முன்பெல்லாம் படி ஏறுவது நான் என்று நினைத்திருந்தேன். இப்போது பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து கால்களைப் பார்க்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவை ஏறிக்கொண்டிருக்கின்றன. எனக்குத் தெரியாமல் எனக்குள் எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ. யாரையும் இதுவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

இங்கே வந்தும் நாள் நான்காகத்தான் பிரிகிறது. பேரன் தூங்கும் மதிய நேரத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது, என் இரண்டு கைகளும் மடியில் தானாகக் குவிந்துகொள்கின்றன. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆயிருக்கும் அம்மிணி," என்கிறார். ஆயிருக்கும். பட்டான்செருவில் இந்நேரம் யாராவது ஒருத்தி விழித்திருப்பாள்.